ஜோசப் டேவிஸ் பாணியில் ஒரு குடும்ப ஓவியம்: வாட்டர்கலரில் படிப்படியாக

1832 முதல் 1837 வரை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநில எல்லையோர ஊர்களில் குடும்பங்களை வாட்டர்கலரில் வரைந்தவர் ஜோசப் ஹெச். டேவிஸ். அவர் வரைந்த தம்பதி ஓவியங்களின் அமைப்பு அநேகமாக ஒன்றேதான். நடுவில் மேசை இருக்கும். அதன் இரு பக்கமும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார்கள். காலடியில் பளிச்சென்ற தரைவிரிப்பு, படத்தின் அடியில் அழகெழுத்தில் பெயர், வயது, தேதி. மர அறுப்பு ஆலைக்காரர், பள்ளி ஆசிரியர், நிலம் வைத்திருந்தவர் என்று நடுத்தரக் குடும்பத்தாரே அவரிடம் வரைந்துகொண்டார்கள்.

அதே மாதிரி ஓர் இரட்டை உருவப்படத்தை இரண்டு நாளில் வரைந்து முடிக்க இந்த வழிகாட்டி உதவும். வாட்டர்கலரில் ஒரு சமமான வாஷ் (நீர்க்கக் கரைத்த நிறத்தைச் சீராகப் பூசுவது) கொடுக்கத் தெரிந்தால் போதும்.

வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டு விதமான தடுமாற்றத்தைப் பார்க்கிறேன். நன்றாக வரையத் தெரிந்தவர்கள் படத்தைத் "திருத்த" ஆரம்பிக்கிறார்கள். நாற்காலிக்கு நிழல் போடுவார்கள், தரையைப் பின்னோக்கிச் சுருக்குவார்கள். அதோடு பாணி செத்துவிடும். மற்றவர்கள், நாட்டுப்புற ஓவியம்தானே என்று கோணல்மாணலாக வரைந்து வைப்பார்கள். டேவிஸ் கோணலாக வரையவே இல்லை. அவர் படத்தில் முகக்கோடு கறார், மற்றதெல்லாம் தட்டையான வடிவம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டையும் காப்பாற்றத்தான்.

1. முதலில் பத்து நிமிடம் பாருங்கள்

வில்லியம்ஸ்பர்க்கில் உள்ள அபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம், கூப்பர்ஸ்டவுனின் ஃபெனிமோர் அருங்காட்சியகம் ஆகியவற்றில் டேவிஸின் ஓவியங்கள் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். முகத்தைப் பார்க்காதீர்கள். பாதங்கள், மேசையின் முன்பக்கம், நாற்காலிக் கால் தரையைத் தொடும் இடம், இந்த மூன்றை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கேயும் விழும் நிழல் இருக்காது. அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு நிழல் போடக் கை போகாது.

2. தேவையானவை

காகிதம்: 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் வாட்டர்கலர் தாள், 38 × 25 செ.மீ. வழவழப்பான தாள்தான் வேண்டும். சொரசொரப்பான கோல்டு பிரஸ் தாளில் முகக்கோடு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி உடைந்துபோகும். வகுப்பில் பாதிப் பேர் முதல் நாள் கொண்டுவருவது சொரசொரப்புத் தாள்தான். திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. தாளை நான்கு பக்கமும் பலகையில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிரஷ்: ரவுண்டு 0, 2, 5. பென்சில்: 2ஹெச். ஹெச்பி வேண்டாம், அதன் கரி வாஷில் கலந்து முகத்தை அழுக்காக்கும்.

நிறங்கள்: பிரஷியன் ப்ளூ, மஞ்சள் காவி, பர்ன்ட் அம்பர், லாம்ப் பிளாக், ஒரு பளிச்சென்ற சிவப்பு, ஒரு ரோஜாச் சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள். அந்தக் காலத்து நிறப்பெட்டிகளில் வெர்மிலியன், கார்மைன் என்ற சிவப்புகளும் கம்போஜ் என்ற மஞ்சளும் இருந்தன. வெர்மிலியனில் பாதரசம் இருக்கிறது, கார்மைன் வெளிச்சத்தில் வெளிறிவிடும். அதனால் அவற்றைத் தேட வேண்டாம், இன்றைய நிலையான நிறங்களையே வாங்குங்கள்.

இவற்றோடு ஒரு சின்ன பாட்டில் கம் அராபிக் (வேலம்பிசின் இனம்தான்), பழுப்பு நிற வாட்டர்ப்ரூஃப் இங்க், மெல்லிய நிப், டிரேசிங் பேப்பர், ஸ்கேல்.

தாளை டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்குவது பலருக்கு ஆசை. செய்யாதீர்கள். டேவிஸ் வரைந்தபோது தாள் வெளிறிய நிறத்தில் புதிதாகத்தான் இருந்தது. பழுப்பு காலத்தால் வந்தது. டீக்கறை படிந்த தாளில் கன்னத்தின் சிவப்பும் மேசையின் மஞ்சளும் மங்கிப்போகும்.

3. முகங்களை அளந்து பிடியுங்கள்

நேரம் அதிகமாகச் செலவிட வேண்டிய படி இதுதான். வீட்டில் இருவரை உட்கார வைத்து ஒரு பக்கமாகப் பார்க்கச் சொல்லிப் போட்டோ எடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று, கேமராவை அவர்கள் கண் மட்டத்தில் பிடித்து, ஜூம் செய்து எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்தால் காதும் தாடையும் பெரிதாகி, மூக்கும் நெற்றியும் பின்வாங்கும். சாயல் அங்கேயே போய்விடும். தூரத்துக் கண்ணிமை கொஞ்சமாவது தெரிந்தால் முகம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி எடுங்கள்.

தாடையிலிருந்து உச்சந்தலை வரை 2.5 செ.மீ. வரும்படி பிரிண்ட் எடுத்து, டிரேசிங் பேப்பரில் வெளிக்கோட்டை மட்டும் எடுங்கள்.

"டிரேஸ் செய்வது ஏமாற்று வேலை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தவர்களே கருவி வைத்துத்தான் முகம் பிடித்தார்கள். பிலடெல்பியாவில் ஓவியர்களான பீல் குடும்பத்தின் அருங்காட்சியகத்தில் ஃபிசியோக்னோட்ரேஸ் என்ற கருவி, முகத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போய்ச் சிறிய அளவில் கோடு போட்டது. அதை இயக்கி நிழலுருவங்களை வெட்டியவர் மோசஸ் வில்லியம்ஸ், அந்த வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். நியூ இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சுற்றிய ஓவியர் ரூஃபஸ் போர்ட்டர் கேமரா அப்ஸ்கியூரா (எதிரே உள்ளதன் பிம்பத்தை இருட்டுப் பெட்டிக்குள் விழச் செய்யும் கருவி) வைத்திருந்தார். அவருடைய விளம்பரத் துண்டறிக்கையில் விலைகள் இருக்கின்றன: வெட்டியெடுத்த பக்கவாட்டு நிழலுருவம் 20 சென்ட், முழு நிறத்தில் பக்கவாட்டுப் படம் 2 டாலர், நேர்முகம் 3 டாலர், தந்தத்தில் சிற்றோவியம் 8 டாலர். பக்கவாட்டில் கோடு ஒன்று சரியாக அமைந்தால் சாயல் வந்துவிடும். வேலை சீக்கிரம் முடியும், விலையும் கட்டுப்படியாகும்.

ஒரு சிறு தந்திரம். வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம் எளிதாக வரும், வலப்பக்கம் பார்ப்பது கொஞ்சம் அடம்பிடிக்கும். டேவிஸ் இடது கைக்காரர். ஓர் ஓவியத்தில் "இடக்கை ஓவியர்" என்றே கையெழுத்திட்டிருக்கிறார். உங்களுக்கு எந்தப் பக்கம் வராதோ, அந்த முகத்தை டிரேசிங் தாளைத் திருப்பிப்போட்டு வரைந்து பழகிக்கொள்ளுங்கள்.

4. தாளைப் பங்கு போடுங்கள்

கீழிருந்து மேலாக மெல்லிய கோடுகள் இழுங்கள்: 1 செ.மீ. ஓரம், அதற்கு மேல் 2.5 செ.மீ. எழுத்துக்கு, அதற்கு மேல் 4.5 செ.மீ. தரைவிரிப்புக்கு. பாதங்கள் விரிப்பின் நடுவில், அதாவது தாளின் அடியிலிருந்து சுமார் 6 செ.மீ. உயரத்தில் பதியும். உட்கார்ந்த உருவம் பாதத்திலிருந்து உச்சி வரை 14.5 செ.மீ. மேசை 8 செ.மீ. உயரம், 11 செ.மீ. அகலம். நாற்காலியோடு சேர்த்து ஒவ்வோர் உருவத்துக்கும் 11 செ.மீ. அகலம். இரு பக்கமும் 2.5 செ.மீ. வெற்றிடம்.

எழுத்துக்கான இடத்தை இப்போதே ஒதுக்காவிட்டால் கடைசியில் பெயர் நாற்காலிக் காலுக்குள் போய் இடிக்கும். இது அநேகமாக எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கிறது.

கணவர் இடப்பக்கம், மனைவி வலப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை இருந்தால் பெற்றோர் முழங்கால் பக்கத்தில், அதுவும் பக்கவாட்டிலேயே. இரண்டு வயதுப் பையனுக்குக் கால்சட்டை போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சின்னப் பையன்களும் கவுன்தான் அணிந்தார்கள்.

5. வீட்டில் என்ன இருந்தது என்று முடிவு செய்யுங்கள்

பென்சிலை எடுக்கும் முன் பொருட்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பங்கள் காசு கொடுத்தது முகத்துக்கு மட்டுமல்ல. மேசைமேல் ஒரு பைபிள், பழக்கிண்ணம், உயரமான தொப்பி, கையில் செய்தித்தாள், மேசைக்கடியில் ஒரு பூனை. எல்லாம் அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் சாட்சிகள். டேவிஸ் 1836இல் ஸ்ட்ராஃபர்டில் வரைந்த ஜேம்ஸ், சாரா டட்டில் தம்பதியின் படத்தில், சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் படத்துக்குள் அவர்களுடைய மர அறுப்பு ஆலையே இருக்கிறது. எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

நான்கு பொருட்கள் போதும். ஏழெட்டு வைத்தால் கண் முகத்துக்குப் போகாமல் மேசையிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு பொருளும் யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொப்பி கணவர் பக்கம், பூங்கொத்து மனைவி பக்கம்.

உடை: ஆணுக்குக் கறுப்புக் கோட்டு, கழுத்தை இறுக்கிச் சுற்றிய துணி, முன்னோக்கிச் சீவிய முடி. பெண்ணுக்கு மேற்கையில் பலூன் மாதிரி உப்பி முன்கையில் ஒட்டிய சட்டைக்கை, அகலமான லேஸ் காலர், உச்சியில் சீப்பு. இந்த உப்பிய கை 1830களின் பாணி. கவுனை நேரான கையோடு வரைந்தால் படம் வேறு காலத்துக்குப் போய்விடும்.

6. பென்சில் கோடு

முகங்களை முதலில் தாளில் இறக்குங்கள், பிறகு உடல், பிறகு நாற்காலி, மேசை. முகத்திலிருந்து தொடங்கினால் உடல் முகத்துக்கு ஏற்ப அமையும். மேசையிலிருந்து தொடங்கினால் மிச்ச இடத்தில் முகத்தைத் திணிக்க வேண்டிவரும்.

கண்ணுக்கு நின்று நிதானியுங்கள். பக்கவாட்டு முகத்தில் கண் பாதாம்பருப்பு வடிவத்தில் இருக்காது. மூக்குப் பக்கம் அகன்று காதுப் பக்கம் கூர்மையாகும் ஒரு சிறு ஆப்பு அது. கருவிழி வட்டமாகத் தெரியாது, முன் ஓரத்தில் ஒட்டிய ஒரு குறுகிய நெட்டுக்கோடுதான். புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கே நேர்முகக் கண்ணை வரைகிறார்கள். உடனே முகம் எகிப்தியச் சுவரோவியம் போலாகிவிடும்.

பாதங்கள் சிறியவை, இரண்டும் ஒரே திசையில், ஒன்றுக்கு முன் ஒன்றாக. நாற்காலி இருக்கையின் மேற்பரப்பு தெரியாது. பக்கத்திலிருந்து பார்க்கும் ஒரு கோடுதான். மேசையும் அப்படியே. அதன்மேல் உள்ள கிண்ணம் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கும்.

7. எழுத்தை இப்போதே எழுதுங்கள்

எழுத்தைக் கடைசியில் எழுதத்தான் பலருக்கும் தோன்றும். நான் பென்சில் முடிந்த கையோடு எழுதச் சொல்கிறேன். ஒரு மாணவி இரண்டு நாள் உழைத்து எல்லா நிறமும் முடித்துவிட்டு, கடைசி வரியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். வாட்டர்கலர் தாளில் இங்க்கைச் சுரண்டினால் தாள் பஞ்சாகிவிடும். அந்தப் படத்தை மீட்க முடியவில்லை. இப்போது தவறினால் போவது ஒரு பென்சில் படம் மட்டும்.

பெயர், வயது, ஊர், வரைந்த தேதி. துண்டுத்தாளில் அதே அளவில் எழுதி, நீளத்தை அளந்து, நடுப்புள்ளியைக் குறித்து, பிறகு தாளில் மெல்லிய இரட்டைக்கோட்டுக்குள் எழுதுங்கள். பெயர் ஒரு வகை எழுத்திலும் தேதி வேறு வகையிலும் இருக்கலாம். இங்க் வாட்டர்ப்ரூஃப் தானா என்று ஒரு சொட்டு நீர் விட்டுச் சோதித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்ததும் அந்தப் பகுதியை ஒரு தாளால் மூடிவைத்துவிடுங்கள்.

8. முகத்துக்கு நிறம்

சிவப்பில் மஞ்சள் காவி கலந்து, நிறைய நீர் விட்டு, தாளில் அரைகுறையாகத் தெரிகிற அளவுக்கு ஒரு வாஷ். 2ஆம் எண் பிரஷ், ஒரே நடை. காய விடுங்கள். பிறகு ரோஜாச் சிவப்பை நீர்க்கக் கரைத்து, 0 எண் பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றி, கன்னத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வையுங்கள். ஈரமான பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே உள்ள வாஷ் கிளம்பித் திட்டாகும்.

மூக்கின் ஓரத்திலோ தாடைக்கடியிலோ நிழல் வேண்டாம். வெளிக்கோட்டை நெற்றியிலிருந்து கழுத்து வரை பர்ன்ட் அம்பரில் மெல்லியதாக ஒரு முறை ஓட்டுங்கள். அந்த ஒரு கோடுதான் ஆள் யாரென்று சொல்லும். மூச்சை அடக்கி, கையைத் தாளிலிருந்து எடுக்காமல் போடுங்கள்.

பின்னணியைத் தொடாதீர்கள். சுவருக்கு இளநீலம் அடிக்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். வெற்றுத்தாள் இருந்தால்தான் முகக்கோடு துலங்கும்.

9. கறுப்பு உடை

லாம்ப் பிளாக்கை ஒரே அடியாகக் கெட்டியாகப் பூசினால் உடை ஒரு ஓட்டை மாதிரி தெரியும். நடுத்தர அடர்த்தியில் ஒரு வாஷ், முழுக்கக் காய்ந்ததும் இன்னொன்று. கையும் உடம்பும் சேரும் இடம், காலரின் மடிப்பு, முன்பக்கத் திறப்பு ஆகியவற்றில் இரண்டாவது வாஷ் படாமல் மயிரிழை அளவு இடத்தை விட்டுவிடுங்கள். விட்டது அப்புறம் சாம்பல் கோடாகத் தெரியும்.

பிறகு கம் அராபிக். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து, மடிப்புக் கோடுகள், பொத்தான்கள் மேல் மட்டும் தடவுங்கள். மங்கலான கறுப்பின் மேல் பளபளப்பான கறுப்பு தனியாகத் தெரியும். படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் கோட்டின் தையல் முழுவதும் எழும். அந்தக் கால ஓவியர்கள் பலர் கறுப்புத் துணியைக் காட்டக் கையாண்ட வழி இது. அதே ஆண்டுகளில் நியூ இங்கிலாந்தில் சேர்ந்து வரைந்த ரூத், சாமுவேல் ஷூட் தம்பதி, வாட்டர்கலரோடு பிசின், பேஸ்டல், தங்கத்தாள் வரை சேர்த்திருக்கிறார்கள். பிசினைத் தடியாகப் பூச வேண்டாம். காய்ந்து வெடிக்கும், மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

10. மேசையும் நாற்காலியும்

அன்றைய வீடுகளில் சாதாரண மரத்தில் செய்த மேசைக்கு, விலையுயர்ந்த மரத்தின் ரேகை போலத் தெரியப் பெயின்ட் அடிப்பது வழக்கம். டேவிஸ் அந்த ரேகைகளைத் தாராளமாகப் பெரிதாக்கி வரைந்தார். மஞ்சள் காவியில் சமமான வாஷ் கொடுத்துக் காய விடுங்கள். அதன்மேல் பர்ன்ட் அம்பரில் வளைந்த குறுங்கோடுகள், ஒன்றின் முதுகில் ஒன்றாக அடுக்கிய பிறைகள் போல. ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் விரல்நுனியால் ஒற்றி எடுங்கள். உண்மையான மர ரேகையைப் பார்த்து வரையாதீர்கள். இது பெயின்ட் அடித்த ரேகையின் படம்.

11. தரைவிரிப்பு

வரிசை முக்கியமாகும் இடம் இது. பாதம், நாற்காலிக் கால், மேசைக்கால், பூனை எல்லாம் நிறம் முடிந்து காய்ந்த பிறகுதான் விரிப்பு. வாட்டர்கலர் ஊடுருவித் தெரியும் நிறம். விரிப்பை முதலில் போட்டு அதன்மேல் மஞ்சள் நாற்காலிக் காலை வரைந்தால், விரிப்பின் பூ அந்தக் காலுக்குள்ளும் தெரியும். ஆகவே கால்களைச் சுற்றி ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும்.

மெல்லிய பென்சில் கட்டம், ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. கட்டம் மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் ஒரே அளவு. தூரம் போகப் போகச் சிறிதாக்காதீர்கள். சுருக்கினால் தரை படுத்துக்கொள்ளும், மேலே இருக்கிற எல்லாம் எழுந்து நிற்கும், படம் இரண்டாகப் பிளந்துவிடும். ஒரே ஒரு பூ அல்லது இலை வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாக் கட்டத்திலும் அதையே போடுங்கள். முதலில் ஒரு நிறத்தை வரிசை முழுக்க முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். கட்டம் கட்டமாக முடித்துக்கொண்டு போனால் பத்தாவது கட்டத்தில் கலவை மாறி, விரிப்பு ஒட்டுப்போட்டது போலாகும். வலது கைக்காரர் இடமிருந்தும், இடது கைக்காரர் வலமிருந்தும் தொடங்கினால் ஈரத்தில் கை படாது.

12. முடிக்கும்போது

மேசைக்கு மேலே சுவரில் சிறு படம், அதன் தலையில் ஒரு இலைமாலை. அரைமணி வேலை. பச்சையைப் பிரஷியன் ப்ளூவும் எலுமிச்சை மஞ்சளும் கலந்து எடுங்கள், படம் முழுக்க அதே பச்சை வந்தால் ஒட்டுறவாக இருக்கும்.

ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு பென்சில் கட்டங்களை அழியுங்கள். பிசின் பூசிய இடத்தில் ரப்பர் படவே கூடாது. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுன்ட் போர்டு (நடுவில் திறப்பு வெட்டிய தடித்த அட்டை) வைத்துச் சட்டம் போடுங்கள்.

டேவிஸ் தன் படங்களில் மிகச் சிலவற்றில்தான் தன் சொந்தப் பெயரை எழுதினார். நீங்கள் எல்லாவற்றிலும் எழுதுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் உங்கள் பெயர், வரைந்த ஆண்டு, யாருடைய பாணியில் வரைந்தது என்ற மூன்றும் இருக்கட்டும். பல கை மாறிய பிறகும், சட்டத்தைப் பிரித்துப் பார்ப்பவர் இதை 1836இன் படம் என்று நம்பிவிடக் கூடாது.